இரு உலகப் போர்களுக்கு இடையே அமெரிக்க அயலுறவுக் கொள்கை

வெர்சாய் உடன்படிக்கையை அமெரிக்க செனட் 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் ஏற்க மறுத்தது. இரண்டாம் முறை ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைந்தன. செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜ் அணியினருக்கு உறுத்தியது, உடன்படிக்கையில் அடங்கிய சர்வதேச சங்க சாசனத்தின் பத்தாம் விதி. உறுப்பு நாடு ஒன்று தாக்கப்பட்டால் மற்றவை அதைக் காக்க வேண்டும் என்றது அவ்விதி. போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸின் கைநழுவும் என்று அவர்கள் அஞ்சினர். லாட்ஜ் கோரிய நிபந்தனைகளுக்கு அதிபர் வில்சன் சற்றும் இணங்கவில்லை. தோல்வியில் பாதிப் பொறுப்பு அவருடையதே.

அடுத்த இருபதாண்டுகளைத் தனிமைக் கொள்கையின் காலம் என்பது பாதி உண்மைதான். வாணிபத்திலும் கடனிலும் படைக்குறைப்பிலும் அமெரிக்கா உலகெங்கும் தலையிட்டது. பிறர்க்காகப் படை அனுப்பும் கடப்பாட்டை மட்டும் ஏற்கவில்லை. 1921 நவம்பரில் வாஷிங்டன் மாநாட்டின் தொடக்க நாளிலேயே, அயலுறவுச் செயலர் சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ் தம் நாட்டின் 30 பெரும் போர்க்கப்பல்களைக் கைவிட முன்வந்து அவையைத் திகைக்கவைத்தார். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் கடற்படைகளின் பெருங்கப்பல் அளவு 5:5:3 என முடிவாயிற்று. மீறுபவரைத் தடுக்க வழியேதும் வகுக்கப்படவில்லை. போரையே விலக்கிவைத்த 1928ஆம் ஆண்டின் கெல்லாக்–பிரியான் ஒப்பந்தத்துக்கு செனட்டில் ஒரே ஒரு எதிர்ப்பு வாக்கு. செலவில்லாத வாக்குறுதிக்கு யார்தான் மறுப்புச் சொல்வர்? 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவில் புகுந்தபோது, படைபலத்தால் வந்த மாற்றத்தை அங்கீகரிக்க மாட்டோம் என்று அறிவித்ததோடு செயலர் ஸ்டிம்சன் நின்றுகொண்டார்.

பணத்தில் நிலைமை வேறு. நேச நாடுகள் அமெரிக்க அரசுக்குத் தர வேண்டிய போர்க்கடன் சுமார் 1,000 கோடி டாலர். ஜெர்மனியின் இழப்பீட்டுத் தவணைகளை ஒழுங்குபடுத்திய 1924இன் டாஸ் திட்டத்துக்குப் பின் அமெரிக்க முதலீட்டாளர்கள் ஜெர்மனிக்குக் கடன் தந்தனர்; ஜெர்மனி அதைக் கொண்டு பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இழப்பீடு செலுத்தியது; அவை வாஷிங்டனுக்குத் தவணை கட்டின. இதே அமெரிக்கா 1922, 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டங்களால் ஐரோப்பியச் சரக்குக்குக் கதவடைத்தது. சரக்கு விற்காதவர் டாலருக்கு எங்கே போவர்? 1929 பங்குச்சந்தைச் சரிவுக்குப் பின் புதுக்கடன் வற்றியது. 1931இல் அதிபர் ஹூவர் தவணைகளை ஓராண்டு ஒத்திவைத்தும் பயனில்லை; இறுதியில் முழுத்தவணை கட்டிவந்த நாடு பின்லாந்து ஒன்றே.

அடுத்து வந்த அதிபர் ரூஸ்வெல்ட் லத்தீன் அமெரிக்காவில் நல்லண்டைக் கொள்கையை மேற்கொண்டு, 1934இல் ஹெய்ட்டியிலிருந்து படையை விலக்கினார். அதே ஆண்டில் செனட்டர் ஜெரால்ட் நையின் விசாரணைக்குழு அமர்ந்தது. ஆயுத வணிகரும் வங்கிகளுமே 1917இல் நாட்டைப் போருக்குள் இழுத்தனர் என்ற எண்ணம் அதனால் வேரூன்றியது. 1935 முதல் வந்த நடுநிலைச் சட்டங்கள் போரிடும் நாடுகளுக்கு ஆயுத விற்பனையையும் பின்னர் கடனையும் தடுத்தன. அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே சட்டம். இதுவே அவற்றின் பெருங்குறை. அது அடித்தவனுக்கே துணையாயிற்று.

1939 நவம்பரில், ரொக்கம் தந்து தம் கப்பலில் ஏற்றிச் செல்வோர்க்கு ஆயுதம் விற்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. 1941 மார்ச்சில் கடன்–குத்தகைச் சட்டம் ரொக்க நிபந்தனையையும் நீக்கியது. ஆயினும் அந்த ஆகஸ்டில், கட்டாயப் படைச்சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என ஒரே வாக்கில்தான் தப்பியது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு அப்போது நான்கு மாதங்கள்கூட இல்லை.