ஒரே வருஷம், இரண்டு வீழ்ச்சிகள்

பேராதனைக்கு வந்த புதிதில் நம்ம எல்லாரும் கேள்விப்படுகிற கதை ஒன்று இருக்குது. இராமநாதன் விடுதிப் பக்கம் போகும்போது யாராவது ஒரு அக்கா மேல்மாடியைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொல்வார். சிலர் பேய்க்கதை மாதிரியே சொல்லி முடிச்சிடுவாங்க. ஆனால் அது நடந்த விஷயம்.

1975இல் விவசாய பீட மாணவி ஒருவர், பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக அந்த விடுதியின் இரண்டாம் மாடியிலிருந்து குதித்தார். முள்ளந்தண்டில் அடிபட்டு நடக்க முடியாமல் போனார். பல வருஷங்கள் கழித்துத் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கதையாகச் சொல்லிச் சொல்லியே அவரைப் போதுமான அளவு காயப்படுத்தியாச்சு.

அதே 1975, ஜனவரி மாதம். தமிழ்நாட்டு ஆய்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போயிருந்தார். உடற்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு அசையவில்லை.

கழுத்தில் அப்படி என்னதான் இருக்குது? சாதாரண தரத்தில் 'முண்ணாண்' என்று படித்தோமே, அதுதான். மூளையிலிருந்து உடம்புக்குப் போகிற, உடம்பிலிருந்து மூளைக்கு வருகிற செய்திகள் எல்லாம் போகிற நரம்பு வடம். கழுத்தில் ஏழு முள்ளென்புகள் அதைச் சுற்றிக் காவல் நிற்குது. எவ்வளவு மேலே அடிபடுதோ அவ்வளவுக்கு இழப்பும் கூடும். மூச்சு விட வைக்கிற பிரிமென்தகட்டுக்கான நரம்பு கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் மட்டங்களிலிருந்து வருது. அதற்கு மேலே முழுசாக அறுந்தால் தானாக மூச்சு விட முடியாது. கீழே அடிபட்டால் மூச்சு மிஞ்சும், தோளும் முழங்கையும் ஓரளவு மிஞ்சலாம். விரல்கள் போய்விடக்கூடும்.

இது பழைய பிரச்சினை. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, கழுத்து எலும்பு விலகிக் கைகால் விளங்காமல் போனவரைச் சிகிச்சை செய்ய முடியாத நோயாளி என்று பிரித்து வைக்குது. அதற்குப் பிறகு மூவாயிரம் வருஷத்துக்கு மேலாகப் பெரிய மாற்றம் இல்லை. முதலாம் உலகப் போரிலும் இப்படி அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானோர் கொஞ்சக் காலத்திலேயே இறந்தாங்க. பலரைக் கொன்றது முள்ளந்தண்டுக் காயம் நேரடியாக அல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்.

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன். நாசிகளிடமிருந்து தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு வந்த யூத வைத்தியர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். அவர் வைத்த ஒழுங்கு கேட்க மிகச் சாதாரணமானது: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டு, இரவிலும் புரட்டு. சிறுநீர்ப்பையைக் கவனி. பிறகு வேலை கொடு, விளையாட விடு. 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் 16 பேரை வைத்து அங்கே ஒரு அம்பெய்தல் போட்டி நடத்தினார். இன்றைய பராலிம்பிக்கின் வேர் அதுதான்.

மருந்து மட்டும் அவ்வளவு கைகொடுக்கவில்லை. 1990இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, எட்டு மணித்தியாலத்துக்குள் அதிக அளவு ஸ்டீரொயிட் கொடுத்தால் பலன் உண்டு என்றது. பிறகு பக்கவிளைவுகள் தெரிய வந்து, இப்போது அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை. அறுந்த முண்ணாணைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்றைக்கும் இல்லை. எலும்பை அசையாமல் வைப்பது, அழுத்தத்தைச் சீக்கிரம் நீக்குவது, இரத்த அழுத்தம் விழாமல் பார்ப்பது, பிறகு நீண்ட புனர்வாழ்வு. இவ்வளவும்தான் வழி.

புனர்வாழ்வு என்றால் இலங்கையில் ராகமைதான் முதலில் ஞாபகம் வரும். நமக்குப் பக்கத்தில் திகனையிலும் ஒரு புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்குது. வன்னியில் ஷெல் பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் 'உயிரிழை' என்று தங்களுக்கே ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டாங்க. ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த இராணுவ வைத்தியர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்து, "மனத்துணிவு இருந்தால் எதுவும் முடியும்" என்று முடிப்பது சுலபம். அது நியாயமில்லை. ஒருவர் சோதனையில் விழுந்தார். மற்றவரைக் குதிக்கும் இடத்துக்குத் தள்ளினாங்க. பகிடிவதைக்கு எதிரான 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது 1998இல்தான். அந்த மாணவி குதித்து 23 வருஷங்களுக்குப் பிறகு.

கடைசியாக ஒன்று. மரத்திலிருந்து விழுந்தவரோ, ஆழம் தெரியாமல் ஆற்றில் தலைகீழாகப் பாய்ந்தவரோ, வளைவில் பைக்கோடு சரிந்தவரோ உங்கள் முன்னால் கிடந்தால், கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் ஏற்றாதீங்க. அந்த இடத்தில் வேறு ஆபத்து இல்லை என்றால் அசைக்காமல் விட்டு, தலையை இரண்டு கையாலும் அப்படியே பிடித்துக்கொண்டு 1990க்கு அழையுங்க. தண்ணீரில் கிடந்தால் மூச்சுதான் முதல். கழுத்தைத் திருப்பாமல் வெளியே எடுங்க. மிஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு இழைகளை நம்ம அவசரமே அறுத்துவிடக்கூடும்.

விடுதிக் கதையை அடுத்த வருஷத் தம்பி தங்கைகளுக்கு நாங்களும் சொல்லத்தான் போறோம். பேயை எடுத்துவிட்டுச் சொல்வோம்.