கேதார்நாத் கிளம்புறீங்களா? அந்த 16 கிலோமீட்டருக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ரீல்ஸில் கேதார்நாத் போவது ரொம்ப ஈஸி. பனிமலை, கல் கோயில், பின்னணியில் ஒரு பாட்டு... 30 செகண்டில் தரிசனம் முடிந்துவிடும். நிஜத்தில் கவுரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டருக்கும் மேல் ஏற்றம். கடைசி சில கிலோமீட்டரில் மூச்சு வாங்கும், தலை கனக்கும், `இன்னும் எவ்ளோ தூரம்?' என்று எதிரே வருகிற எல்லோரிடமும் கேட்கத் தோணும். சரியாகத் திட்டமிட்டால் வாழ்நாள் முழுக்க மறக்க முடியாத நடை இது. அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் சில விஷயங்கள்.

எங்கே இருக்கு, எவ்வளவு உயரம்?

உத்தரகாண்ட் மாநிலம், ருத்ரபிரயாக் மாவட்டத்தில், மந்தாகினி ஆறு தொடங்கும் இடத்தில் இருக்கிறது கேதார்நாத். 12 ஜோதிர்லிங்கத் தலங்களில் ஒன்று. உயரம் 3,583 மீட்டர். நம்ம ஊர் கணக்கில் சொன்னால், ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதைவிட இது கிட்டத்தட்ட 950 மீட்டர் அதிகம். நடை தொடங்கும் கவுரிகுண்ட் ஏறக்குறைய 1,980 மீட்டர். அதாவது, ஒரே நாளில் 1,600 மீட்டர் மேலே ஏறுறீங்க!

எப்போ போகலாம்?

வருஷத்தில் சுமார் ஆறு மாதம்தான் கோயில் திறந்திருக்கும். ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கத்தில் நடை திறப்பார்கள். அந்தத் தேதியை மகா சிவராத்திரி அன்று உகிமட்டில் அறிவிப்பார்கள். தீபாவளியை ஒட்டி வரும் `பாய் தூஜ்' அன்று நடை சாத்தப்படும். பிறகு உற்சவ மூர்த்தி பல்லக்கில் இறங்கி, உகிமட் ஓம்காரேஸ்வரர் கோயிலுக்கு வந்துவிடுவார். குளிர்காலம் முழுக்க பூஜை அங்கேதான்.

மே, ஜூனில் கூட்டம் அதிகம். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம், நிலச்சரிவு சகஜம். 2024 ஜூலை 31 இரவு கொட்டிய மழையில் நடைபாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு, ஆயிரக்கணக்கானவர்களை மீட்க வேண்டியதாயிற்று. முதல் முறை போகிறவர்களுக்கு செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நல்ல சாய்ஸ். கூட்டம் குறைவு, வானம் தெளிவு. குளிர் மட்டும் கூடுதல்.

எப்படிப் போறது?

டெல்லி வழியாக ரயிலில் ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ், இல்லையென்றால் விமானத்தில் டேராடூன். ரிஷிகேஷிலிருந்து சோன்பிரயாக் சுமார் 210 கிலோமீட்டர். `நம்ம ஊர்ல நாலு மணி நேரம்' என்று கணக்குப் போடாதீங்க. மலைப்பாதை, ஒரு பகல் முழுக்க ஆகும். வழியில் தேவபிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் சேர்ந்து கங்கையாகும் இடத்தைப் பார்க்கலாம். பெரியாழ்வார் பாடிய `கண்டமென்னும் கடிநகர்' இந்த ஊர்தான்.

சொந்த வண்டி, டூரிஸ்ட் வேன் எல்லாம் சோன்பிரயாக் வரைதான். அங்கிருந்து கவுரிகுண்டுக்கு சுமார் 5 கிலோமீட்டர், ஷேர் ஜீப். யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம். உத்தரகாண்ட் அரசின் இணையதளத்தில் பதிவு செய்து, அதை போனில் மட்டும் வைக்காமல் ஒரு பிரின்ட்டும் எடுத்துக்கோங்க. மலையில் சார்ஜும் சிக்னலும் நம்மை நம்பி இல்லை.

நடைபாதை எப்படி இருக்கும்?

கவுரிகுண்ட், ஜங்கிள் சட்டி, பீம்பலி, லிஞ்சோலி, பேஸ் கேம்ப், கோயில். இதுதான் வரிசை. பழைய பாதை 14 கிலோமீட்டர்தான். ராம்பாடா என்ற ஊர் வழியாகப் போனது. 2013 ஜூன் 16, 17 தேதிகளில் பெய்த பேய்மழையில் கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி உடைந்து, தண்ணீரும் பாறையும் சேர்ந்து இறங்கின. ராம்பாடா இருந்த இடம் தெரியாமல் போனது. உத்தரகாண்ட் முழுவதும் 5,000-க்கும் மேற்பட்டவர்கள் பலியானதாகக் கருதப்படுகிறது. கோயிலுக்குப் பின்னால் வந்து நின்ற பெரிய பாறை ஒன்று வெள்ளத்தை இரண்டாகப் பிரித்துவிட, கோயில் தப்பியது. அந்தப் பாறையை `பீம் ஷிலா' என்கிறார்கள். இன்றும் அங்கேயே இருக்கிறது.

இப்போதைய பாதை ராம்பாடா அருகே ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்குப் போகிறது. அதற்குப் பிறகுதான் ஏற்றம் செங்குத்தாகும். பீம்பலி வரை வேகமாக நடந்துவிட்டு `இவ்ளோதானா?' என்று நினைக்கிறவர்கள், லிஞ்சோலிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். ஆரம்பத்திலேயே மெதுவாக நடங்க. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் மேலே போய்விடலாம். சாதாரணமாக 8 முதல் 10 மணி நேரம் பிடிக்கும். மதியத்துக்கு மேல் மலையில் வானிலை சட்டென்று மாறும்.

ஜிம் பாடியும் காப்பாத்தாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீங்கன்னா, இதைப் படிங்க. கேதார்நாத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு இதற்குப் பழக நாள்கள் தேவை. 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கு வேண்டுமானாலும் மலை உயர நோய் வரலாம். மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரும். சொல்லப்போனால், `எனக்கு ஸ்டாமினா இருக்கு' என்று வேகமாக ஏறுகிற இளைஞர்கள்தான் சுலபமாக மாட்டுவார்கள்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். அந்த நேரத்தில் மேலே ஏறாதீங்க, ஓய்வெடுங்க. குறையவில்லையென்றால் இறங்குங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதா, இருமலில் நுரை வருதா, நடை தள்ளாடுதா, பேச்சு குழறுதா? நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், மூளை வீங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும், வழியில் இருக்கும் மருத்துவ முகாமில் காட்ட வேண்டும். கடையில் விற்கும் சின்ன ஆக்ஸிஜன் கேன் சில நிமிடங்கள்தான் தாங்கும். இறங்குவதற்கு அது மாற்று இல்லை.

தவிர்க்க வழி இருக்கு. குப்தகாசியில் ஒரு இரவு, கவுரிகுண்டிலோ சோன்பிரயாகிலோ ஒரு இரவு தங்கிவிட்டு ஏறுங்க. முடிந்தால் வழியில் லிஞ்சோலியிலும் ஒரு இரவு தங்கலாம். தண்ணீர் நிறைய குடிங்க, மது, சிகரெட் வேண்டாம். இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. உயர நோய்க்கான மாத்திரையும் டாக்டர் சொன்னால் மட்டும்தான். `இரண்டே நாளில் கேதார்' என்று பேக்கேஜ் வந்தால், விலையைப் பார்க்காதீங்க, நாள் கணக்கைப் பாருங்க.

நடக்க முடியாதவங்களுக்கு?

கோவேறு கழுதை, நான்கு பேர் தூக்கும் டோலி, முதுகில் கூடை கட்டிச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். ப்ரீபெய்டு கவுன்டரில் மட்டும் பணம் கட்டுங்க. நொண்டுகிற, காயம்பட்ட விலங்கின் மேல் ஏறாதீங்க. நடக்கிறவர்கள், கழுதைகள் வரும்போது பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவர் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

குப்தகாசி, பாட்டா, சிர்சியிலிருந்து ஹெலிகாப்டரும் உண்டு. புக்கிங் ஐ.ஆர்.சி.டி.சி-யின் தனித் தளத்தில். வாட்ஸ்அப்பில் டிக்கெட் தருகிறேன் என்பவர்களை நம்பாதீங்க, போலிகள் அதிகம். சில நிமிடங்களில் மேலே போவதால் உயர நோய் இதிலும் வரும். வானிலையும் எப்போதும் சவால்தான். 2025 ஜூன் 15-ல் கவுரிகுண்ட் அருகே ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். சோன்பிரயாகிலிருந்து 12.9 கிலோமீட்டர் ரோப்வே அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது.

பையில் என்ன?

* ரெயின்கோட் (குடை காற்றில் நிற்காது)
* தெர்மல் உள்ளாடை, ஸ்வெட்டர், குல்லா, கையுறை
* ஏற்கெனவே போட்டுப் பழகிய, பிடிப்புள்ள ஷூ. புது ஷூ வேண்டாம்
* இரண்டு ஜோடி கூடுதல் சாக்ஸ், ஊன்றுகோல், டார்ச்
* கடலை மிட்டாய், உலர் திராட்சை, ஓ.ஆர்.எஸ்
* வழக்கமான மாத்திரைகள், பவர்பேங்க், கொஞ்சம் ரொக்கம்
* குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு காலிப் பை

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே தினமும் ஒரு மணி நேரம் நடங்க. படி ஏறி இறங்குங்க. கோயிலுக்குள் 2023 முதல் போட்டோ, வீடியோ எடுக்கத் தடை.

பாதியில் திரும்பினால்?

லீவு, காசு, வீட்டில் சொல்லிவிட்டு வந்தது எல்லாம் சேர்ந்து `எப்படியாவது ஏறிடணும்' என்று தள்ளும். பலர் ஆபத்தில் மாட்டுவது இந்த இடத்தில்தான். ஒரு விஷயம் தெரியுமா? கேதாரம் தேவாரப் பாடல் பெற்ற தலம். சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். ஆனால் இருவருமே மலையேறிப் போய்ப் பாடவில்லை, காளத்தியில் இருந்தபடியே பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். அதனால், லிஞ்சோலியில் உடம்பு வேண்டாம் என்று சொன்னால் அங்கேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிடுங்க. அடுத்த வருஷமும் நடை திறக்கும்.