நீர்வேலித் தோட்டமும் வீட்டு மருந்தும்



யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிற் கோப்பாயைக் கடந்ததும் நீர்வேலி வருகின்றது. செம்மண் தறைகளிற் குலை தள்ளி நிற்கும் வாழைகளே அவ்வூருக்குப் பெயர் தேடிக் கொடுத்தவை. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தங்குகின்றது. அந்நீரையே தோட்டத்துக்கு இறைக்கின்றோம், அந்நீரையே குடிக்கின்றோம். ஆகவே, பயிரின்மேற் தெளிக்கும் நஞ்சில் ஒரு பங்கு நம் கிணற்றுக்கே திரும்பிவரக்கூடும். பூச்சி மருந்தின் சரித்திரத்தை நீர்வேலியில் நின்று நோக்குவோர் இதனை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

பழைய கமக்காரரின் மருந்துகள் பெரும்பாலும் அவர்தம் வளவிலேயே கிடைத்தன. காலைப் பனி காயுமுன் பயிற்றையிலும் கத்தரியிலும் அடுப்புச் சாம்பலைத் தூவினார்கள். வேப்பம் பிண்ணாக்கு மண்ணுக்கு உரமாகவும், மண்ணில் வாழும் பூச்சிகளுக்குப் பகையாகவும் உதவிற்று. முருங்கையில் மயிர்க்கொட்டி மொய்த்தாற் பந்தம் கொளுத்திப் பொசுக்கினார்கள். புகையிலைக் கழிவை ஊறவைத்து வடித்த நீரும் பூச்சிகளைக் கொன்றது.

1939இல் சுவிற்சர்லாந்து தேசத்து விஞ்ஞானி போல் முல்லர், டி.டி.ரி. என்னும் இரசாயனம் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலுடையதெனக் கண்டார்; 1948இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் இத்தகைய மருந்துகள் உலகெங்கும் வயல்களிலும் தோட்டங்களிலும் புகுந்தன. ஒரு தெளிப்பிற் புழுக்கள் செத்து விழுந்ததைக் கண்டவர்கள் சாம்பற் கடகத்தை மூலையில் வைத்ததில் வியப்பில்லை. ஆனால் 1962இல், அமெரிக்காவில் றேச்சல் கார்சன் அம்மையார் தமது ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில், அந்நஞ்சு மண்ணிலும் நீரிலும் பறவைகளின் உடலிலும் தங்கிவிடுவதை எடுத்துக் காட்டினார். அதே 1962இல், டில்லியிலே வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது, வேப்பம் பருப்பைக் கரைத்துத் தெளித்த பயிரில் அவை இறங்கியும் உண்ணாது விட்டதை இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் கண்டனர். 1968இல் இங்கிலாந்திலே வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது புழுவின் பசியைக் கெடுக்கின்றது. தோல் கழற்றி வளர்வதையும் குலைக்கின்றது. நம் முன்னோர் பழக்கத்தால் அறிந்ததற்கு ஆராய்ச்சி காரணம் கூறிற்று.

பின்னர் இருமுறை, விரும்பியல்ல, வேறு வழியின்றியே நம்மவர் வீட்டு மருந்தை நாட நேர்ந்தது. யுத்தத்தினால் 1990 முதல் எரிபொருள், உரம் முதலிய பல பொருள்கள் வடக்கிற்கு வருவது தடுக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பூச்சிகொல்லிகளினதும் இறக்குமதி நாடு முழுவதற்கும் தடை செய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்தபின் நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டது. மருந்தை ஒரு நாளில் நிறுத்திவிடலாம். அதன் இடத்தை நிரப்பும் அறிவை ஒரு நாளிற் பெறமுடியாது என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம்.

அவ்வறிவின் முதற்படி பகையை இனங்காணல். இலையில் ஓட்டை விழுந்தாற் கடித்துத் தின்னும் புழுவையோ வண்டையோ தேடுக. இலை சுருண்டு, பிசுபிசுத்து, எறும்பு ஏறினால், அடிப்புறத்திற் சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கும். வாழையின் இலைகள் குறுகி உச்சியிற் கொத்தாக நெருங்கினால் அது வைரசு நோய்; அதனைப் பரப்புவது ஓர் அசுவினி என்பதை அவுஸ்திரேலியாவில் மகீ என்பவர் 1927இல் நிறுவினார். அம்மரத்துக்கு மருந்தில்லை, கிழங்கோடு அகழ்ந்து அழிப்பதே அயல் வாழைகளைக் காக்கும். கிழங்கைத் துளைக்கும் வண்டுக்கோ வாழைத் தண்டே பொறியாகும். வெட்டிய தண்டை நெடுக்காகப் பிளந்து, வெட்டுமுகம் நிலத்திற் படியும்படி மரத்தடியில் வைத்தால், இரவில் வண்டுகள் அதன்கீழ் வந்து கூடும். காலையிற் பொறுக்கி அழிக்கலாம்.

இலை தின்னும் புழுக்களுக்கு வேப்பங்கரைசல் ஏற்றது. ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவிட்டு, துணியில் வடித்து, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சவர்க்காரம் கரைத்துக் கொள்க. வெயிலில் இதன் வீரியம் விரைவிற் குன்றுமாதலால், மாலையிலே தெளித்தல் நன்று; சில நாட்களில் மீண்டும் தெளிக்கவேண்டும்.

வீட்டில் ஆக்கியதெல்லாம் தீங்கற்றதென எண்ணற்க. புகையிலை நீரிலுள்ள நிக்கொற்றீன் தோலின் வழியாகவும் உடலிற் புகும் கொடிய நஞ்சு. தேனீயையும், அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டையும் அது கொல்லும். புகையிலையிலுள்ள வைரசு மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றுவதும் உண்டு. ஆதலின் அதனைக் கைவிடுதலே நலம்.

முதலிற் கண்ணாற் பார்த்தல், அடுத்துக் கையாற் பொறுக்குதல், பின்பு வேம்பு. இவை போதாதவிடத்து மட்டும், விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவில், கடை மருந்து. இந்த ஒழுங்கைக் கைக்கொண்டால் தோட்டமும் பிழைக்கும், பிள்ளைகள் குடிக்கும் கிணற்று நீரும் பழுதுபடாதிருக்கும்.