விடுதி வாசலிலிருந்து ஒரு வரலாறு

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை மூன்று ஆண்டுகளில் சொல்லிவிடலாம். 1991இல் வடமாகாண இணைப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகம். சிறப்பு மலர்களில் இந்த ஆண்டுகளைச் சுற்றி ஆசிச் செய்திகளும் முன்னோர் படங்களும் வரிசையாக வரும். பெண்களைத் தேடினால் மங்கல விளக்கேற்றும் படத்திலும் வரவேற்பு நடனத்திலும் கிடைப்பார்கள். நம்மூர் மலர்களைப் பற்றிப் பொதுவாகத்தான் சொல்கிறேன். ஆசிரியர் குழு கோபிக்க வேண்டாம்.

அதே மூன்று ஆண்டுகளை மகளிர் விடுதி வாசலில் நின்று பார்க்க எனக்கு ஆசை. வன்னியில் ஒரு பெண்பிள்ளை பல்கலைக்கழகம் போவாளா என்பதில் பாதியைத்தான் வெட்டுப்புள்ளி தீர்மானிக்கிறது. மீதிப் பாதி, "எங்கை தங்கப்போறாய், ஆரோடை போய்வரப்போறாய்?" என்று வீட்டில் எழும் கேள்வியில் தொங்குகிறது.

1991ஐ எடுத்துக்கொள்வோம். கல்லூரி தொடங்கிய அந்த ஆண்டில் இந்த மண்ணின் இரண்டு பெண்களின் படிப்பு பாதியில் நின்றது. ஒருவர் வவுனியா சேமமடுவைச் சேர்ந்த தியாகராஜா செல்வநிதி. கவிதை வாசிப்போர் அவரைச் செல்வி என்று அறிவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தார், 'தோழி' என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தினார், பூரணி பெண்கள் இல்லத்திலும் வேலை செய்தார். 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகள் அவரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. மற்றவர் பரந்தனைச் சேர்ந்த சிவகாமி சுப்பிரமணியம். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது அதே ஆண்டு விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து தமிழினி ஆனார். பின்னர் அதன் மகளிர் அரசியற் பொறுப்பை ஏற்றார். ஒருவரை இயக்கம் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்தது, மற்றவர் பள்ளிக்கூடத்திலிருந்து இயக்கத்துக்குப் போனார். நிறுவன வரலாறு எழுதுபவர்கள் 1991 என்றதும் வர்த்தமானியை மட்டும் புரட்டுகிறார்கள். அந்த ஆண்டில் வன்னிப் பெண்ணுக்குக் கல்வி என்னவாக இருந்தது என்று கேட்டால் இந்த இருவரையும் தாண்டிப் போக முடியாது.

செல்விக்கு முன்னால் ஒரு தலைமுறை வழி வெட்டியிருந்தது. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற பெண்களின் கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. சித்ரலேகா மௌனகுரு போன்ற விரிவுரையாளர்கள் அந்த வட்டத்தில் இயங்கினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல், சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். படித்த பெண் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பது வன்னி வீடுகளுக்கும் எட்டியிருந்தது. அதற்குப் பிறகும் தாய்மார் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். நிறுவனத்துக்குச் சேரவேண்டிய பாராட்டில் ஒரு பங்கு அந்தத் தாய்மாருக்கு உரியது.

1995-96இல் மற்ற மாகாணங்களின் இணைப்புக் கல்லூரிகள் சில ஒன்றுசேர்ந்து ராஜரட்டை, சபரகமுவ என்று பல்கலைக்கழகங்களாகிவிட்டன. வடக்கின் கல்லூரிக்கு 1997இல் கிடைத்தது வளாகம் என்ற தகுதி. அடுத்த படிக்கு இன்னும் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1997 மே 13இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கி ஏ9 வீதி போர்முனையானது. தலைமைப்பீடம் யாழ்ப்பாணத்தில், அங்கே போக விமானம், இல்லாவிட்டால் திருகோணமலையிலிருந்து கப்பல். வவுனியா நகரிலோ தங்குவதற்கே பாஸ் வேண்டும். பூங்கா வீதியிலும் குருமன்காட்டிலும் பாடம் நடந்த காலம் அது. அறை வாடகைக்குக் கொடுப்பவர் மாணவனிடம் இரண்டு கேள்வி கேட்டால் மாணவியிடம் பத்துக் கேள்வி கேட்பார்.

இனி 2009. மன்னார் வீதியில் பம்பைமடுவில் வளாகத்தின் மாணவர் விடுதிக் கட்டடங்கள் இருந்தன. யுத்தம் முடிந்ததும் அவை முன்னாள் பெண் போராளிகளை அடைத்துவைத்த புனர்வாழ்வு நிலையமாகின. இதை எந்த மலரிலும் ஒரு வரியிலாவது எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். உள்ளே இருந்தவர்களில் பலர் மாணவிகளின் வயதினர், உயர்தரத்தைப் பாதியில் விட்டவர்களும் இருந்தார்கள். பட்டம் படிக்க வருபவளுக்காகக் கட்டிய அறையில், படிப்பை இழந்தவள் காவலுக்குள் படுத்தாள். வன்னிப் பெண்களின் கல்வி வரலாற்றுக்கு ஒரு சின்னம் தேடுபவர் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

தமிழினி வெலிக்கடைச் சிறையிலும் பிறகு வவுனியா பூந்தோட்டம் புனர்வாழ்வு நிலையத்திலும் இருந்து 2013இல் விடுதலையானார். 2015 ஒக்ரோபரில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய தன்வரலாறான 'ஒரு கூர்வாளின் நிழலில்' மறுவருடம் நூலானது. அதை ஏற்பவர் உண்டு, மறுப்பவர் உண்டு. ஆனால் உயர்தர வகுப்பில் புத்தகத்தை மூடிய ஒரு வன்னிப் பெண் கடைசியில் எழுத்துக்கே திரும்பினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கட்டமைப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். நாடு முழுதும் பல்கலைக்கழகம் புகுவோரில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். அனுமதியில் 40 வீதம் திறமைக்கும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளவை. ஆனால் கலைப்பிரிவுக்குப் பொதுவாக அகில இலங்கைத் திறமை வரிசைதான், மாவட்டச் சலுகை கிடையாது. சிக்கல் அங்கேதான். உயர்தர விஞ்ஞான வகுப்பு 1ஏபி பாடசாலைகளில்தான் உண்டு. கிராமத்துக்கு அண்மையில் இருப்பதோ பெரும்பாலும் 1சி. அங்கே கலையும் வர்த்தகமும் மட்டும். மகனைச் சைக்கிளில் நகரத்துக்கு ரியூசனுக்கு விடும் வீடு மகளை அருகிலுள்ள பாடசாலையோடு நிறுத்திக்கொள்கிறது. அவள் கலைப்பிரிவு படிக்கிறாள். வவுனியாவில் வளர்ந்தவை பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள். கலை படித்த மாங்குளத்துப் பிள்ளை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போகும் பஸ்ஸில் அறிவியல் நகரை யன்னலால் பார்த்துக்கொண்டு போகிறாள்.

அறிவியல் நகரில் பொறியியல் பீடம் 2014இல் தொடங்கியது. 1990இல் ஆரம்பித்து யுத்தத்தால் அலைந்த விவசாய பீடமும் அக்காலத்திலேயே அங்கே திரும்பியது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் உயிர்இரசாயனவியல் பேராசிரியர் வசந்தி அரசரத்தினம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் துணைவேந்தர் (2011–2017). வவுனியா வளாகமும் அவர் நிர்வாகத்தின் கீழ்த்தான் இருந்தது. 1942இல் பல்கலைக்கழகம் கண்ட நாட்டில் முதற் பெண் துணைவேந்தராகச் சாவித்திரி குணசேகர கொழும்பில் பதவியேற்க 1999 ஆனது என்பதையும் நினைத்தால், கதிரைகள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்று விளங்கும். விரிவுரை மண்டபத்தில் பெண்கள் நிறைந்திருக்க, பேரவை மேசையில் எண்ணி எடுக்கும்படி இருப்பது நம்மிடம் மட்டுமுள்ள நோயல்ல. அதற்காக அதைச் சுகம் என்று சொல்லவும் முடியாது.

கலைப்பீடம் இங்கே இல்லாததால் எதை இழந்தோம் என்பதற்கு ஊடகத்தைப் பார்ப்போம். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். நான்கு நாளில் வவுனியாவிலும் கொட்டகை எழுந்தது. பத்திரிகைகளில் வந்த படம் பெரும்பாலும் ஒன்றுதான்: மார்பில் புகைப்படத்தை அணைத்து அழும் முகம். அந்தப் பெண்கள் சட்டம் பேசினார்கள், மனு எழுதினார்கள், ஜெனீவாவில் எந்தக் கூட்டத்தில் என்ன கேட்கவேண்டும் என்று திட்டமிட்டார்கள். கண்ணீர் முதற்பக்கத்துக்குப் போயிற்று, வாதம் உட்பக்கத்திலும் வரவில்லை. ஊடகக் கற்கையும் பெண்ணியக் கற்கையும் இம்மண்ணிலேயே கற்பிக்கப்பட்டிருந்தால் அந்தக் கொட்டகைகளே ஆய்வுக்களமாகியிருக்கும்.

கலைப்பீடம் வரட்டும் என்று கைகட்டியிருக்கவும் தேவையில்லை. வணிகக் கற்கைகள் பீடம் போதும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முடிவெடுத்தது. கிழமைக் கிழமை வாசலுக்கு வரும் தவணைக்காரனின் கொப்பியைக் கணக்கியல் மாணவி ஒருத்தி வட்டிவீதத்தோடு படித்துக் காட்டினால் அதைவிடச் சிறந்த பெண்ணியப் பாடம் எது?

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். பூங்கா வீதி வாடகை அறைகளிலும் பம்பைமடு விடுதியிலும் தங்கிப் படித்த பழைய மாணவியர், எந்த ஆண்டு, எந்த அறை, சோறு யார் சமைத்தார், வீட்டுக்குப் போக எத்தனை சோதனைச் சாவடி என்று ஒரு தாளிலாவது எழுதி அடுத்த மலருக்கு அனுப்புங்கள். 2009இல் அதே விடுதியில் மாணவியாக அல்லாமல் இருந்தவர்கள் எழுதினாலும், பெயர் போட விரும்பாவிட்டாலும், அந்தப் பக்கங்களுக்கும் மலரில் இடம் ஒதுக்கவேண்டும்.