ஆடும் தலை!

குத்துச்சண்டையில் 'நாக்அவுட்' ஆகி விழுகிறவனைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்பீர்கள். விழாமல் நின்று, வருஷக்கணக்கில் குத்து வாங்குகிறானே... அவன் கதை இன்னும் மோசம்!

நியூஜெர்ஸியில் பிணப் பரிசோதனை டாக்டராக இருந்தவர் ஹாரிசன் மார்ட்லண்ட். குடிக்காமலேயே தள்ளாடுகிற, பேச்சு குழறுகிற பழைய குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி 1928-ல் எழுதினார். ரசிகர்கள் கிண்டலாகச் சொன்ன 'பஞ்ச் டிரங்க்'தான் கட்டுரைக்குத் தலைப்பு!

சரி, மண்டை உடையவில்லை. உள்ளே என்னதான் ஆகிறது? மனுஷன் தலையில் அடித்தா பார்க்க முடியும்?

ஆக்ஸ்ஃபோர்டில் டென்னி-பிரவுன், ரிச்சி ரஸ்ஸல் என்று இரண்டு டாக்டர்கள். மயக்க மருந்து கொடுத்த பூனைகள், குரங்குகளின் தலையில் ஊசல் மாதிரி ஒரு கருவியால் அடித்தார்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அடித்தால், மூளை அதிர்ச்சி லேசில் வரவில்லை. தலையை ஆட விட்டு அடித்தால்... உடனே! வில்லன் அடி அல்ல, தலை வெடுக்கென்று ஆடுவது. இது 1941-ல் வெளியானது. இரண்டே வருஷத்தில் அதே ஆக்ஸ்ஃபோர்டின் ஹோல்பர்ன், ஜெலட்டினை மூளை போல வார்த்து, 'தலை சுழல்வதுதான் ஆபத்து' என்றார். அவர் இயற்பியல்காரர். எந்தக் குரங்கையும் தொடவில்லை!

அடுத்து பென்சில்வேனியா பல்கலைக்கழகம். குரங்குகளின் தலையை மோதாமலேயே வெடுக்கென்று திருப்பும் இயந்திரம். மூளைக்குள் நரம்பிழைகள் பரவலாக அறுபடுவதை 1982-ல் காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. 1984 மே மாதம் விலங்கு விடுதலைக்காரர்கள் உள்ளே புகுந்து, சுமார் 60 மணி நேர வீடியோ டேப்புகளைத் தூக்கிப் போனார்கள். ஆராய்ச்சிக் குழுவே எடுத்த படங்கள். அடிபட்ட குரங்கை வைத்துக்கொண்டு ஊழியர்கள் சிரிக்கிறார்கள்! 1985-ல் அரசாங்கம் பணத்தை நிறுத்தியது. நான் படித்தது பி.காம். வரவு, செலவு தெரியும். அந்தச் சிரிப்பை எந்தப் பக்கம் எழுதுவது?

பிறகு முக்கியமாக எலிகள்தான். 2001-ல் அதே பென்சில்வேனியாவில், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு லேசான அடி வாங்கிய சுண்டெலிகள், ஓர் அடி வாங்கியவற்றைவிட அதிகம் தடுமாறின. மார்ட்லண்டின் வீரர்கள் ஞாபகம் வருகிறதா? ஆனால், சுண்டெலி மூளை அரை கிராம்கூட இல்லை. மடிப்பே இல்லாமல் வழவழவென்று இருக்கும். நம் மூளை சுமார் 1,400 கிராம், மடிப்பு மடிப்பாக. குட்டி மூளையில் அதே சேதம் வர, தலையைப் பல மடங்கு வேகமாகச் சுழற்ற வேண்டும்.

'தலை வலிக்குதா, மனசு சரியில்லையா?' என்று எலியிடம் கேட்கவும் முடியாது. அதனால் தண்ணீர்த் தொட்டியில் நீந்த விடுகிறார்கள். உள்ளே மூழ்கியிருக்கும் மேடை எங்கே என்று அதற்கு ஞாபகம் இருக்கிறதா... ஸ்டாப்வாட்ச்சோடு காத்திருக்கிறார்கள்.