விடுதியில் பிறந்த மொழி

பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்காவில் 1954ஆம் ஆண்டு காது கேளாத பிள்ளைகளுக்காகப் பெடரேஷன் பள்ளி தொடங்கியது. மலாயாவின் பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படித்தார்கள். வகுப்பில் பேச்சுப் பயிற்சிதான். ஆசிரியரின் உதட்டைப் பார்த்துச் சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். தானும் வாய்விட்டுப் பேசப் பழக வேண்டும். சைகையைவிடப் பேச்சே மேல் என்று 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு தீர்மானித்ததிலிருந்து பல நாடுகளில் கோலோச்சிய முறை இது. இதன் கடினம் தெரிய வேண்டுமானால் கண்ணாடி முன் நின்று, குரலெழுப்பாமல் ‘பாடு’ என்றும் ‘மாடு’ என்றும் சொல்லிப் பார்க்கலாம். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். வீட்டில் புழங்கும் தமிழிலோ ஹொக்கியனிலோ மலாயிலோ ஒரு சொல்லும் காதில் விழாத குழந்தை, இந்த அசைவிலிருந்து ஒரு மொழியையே கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

வகுப்பு முடிந்ததும் அதே பிள்ளைகள் விடுதியில் கைகளால் பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் யாரும் சொல்லித்தராத அந்தச் சைகைகள் மூத்த பிள்ளைகளிடமிருந்து இளையவர்களுக்குப் போய், மொழியியலாளர் இன்று பினாங்கு சைகை மொழி என்று தனியே பதிவு செய்யும் மொழியாக வளர்ந்தன. இதே போன்ற நிகழ்வு 1970களின் இறுதியில் நிகராகுவாவின் மனாகுவா நகரப் பள்ளியில் நடந்தது. 1986இல் ஜூடி கெகல் என்ற ஆய்வாளர் அங்கே போனார். அந்தப் பிள்ளைகளின் மொழி உலகப் புகழ் பெற்றது. மனாகுவாவில் அது தொடங்குவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பே பினாங்கு விடுதியில் ஒரு மொழி உருவாகிக்கொண்டிருந்தது. உடனிருந்து குறிப்பெடுக்கத்தான் ஆளில்லை. காது கேளாதோர், பார்வையற்றோர் பற்றிய ஆராய்ச்சியை மக்கள் கைக்குக் கொண்டு சேர்ப்பது என்றால், ஆய்வகத்திலிருந்து வகுப்பறைக்கு இறங்கும் ஒருவழிப் பாதை என்றே பலரும் எண்ணுகிறார்கள். மக்கள் கையில் ஏற்கெனவே இருப்பதை ஆய்வகம் கற்றுக்கொள்வதும் அந்த ஆராய்ச்சியின் சரிபாதி என்பேன். பார்வையற்றோரின் எழுத்திலும் இதே கதைதான். பாரிஸில் லூயி பிரெயில் என்ற பார்வையற்ற மாணவர் உருவாக்கிய ஆறு புள்ளி எழுத்தை அவருடைய பள்ளியே ஒரு கட்டத்தில் தடுத்தது. அவர் இறந்து இரண்டாண்டு கழித்து, 1854இல்தான் முறையாக ஏற்றது. இன்று பினாங்கில் பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கோலஸ் இல்லம் வரை விரல்கள் தடவிப் படிப்பது அந்த எழுத்தைத்தான்.

பேச்சுப் பயிற்சியை விரும்பிய பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. கடையிலும் பேருந்திலும் பிள்ளை தனியே சமாளிக்க வேண்டுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் சைகை அந்தப் பயிற்சிக்குக் குறுக்கே நிற்கும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். சைகை வெறும் கையசைவும் அல்ல. அமெரிக்கச் சைகைகளுக்கும் மொழிக்குரிய கட்டமைப்பு உண்டு என்று மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கோ 1960இலேயே காட்டிவிட்டார். மலேசியக் கல்வி அமைச்சு 1978இல்தான் பேச்சோடு சைகையையும் வகுப்பில் அனுமதித்தது. அப்போதும் வகுப்பேறியவை பெரும்பாலும் அமெரிக்க வழிச் சைகைகள். நாடு முழுவதற்கும் பொதுவான ஒன்று தேவைப்பட்டது என்பார்கள். உண்மைதான், 2008ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியச் சைகை மொழியை அங்கீகரித்தது பெரிய காரியம். ஆனால் பொதுமொழி வந்தால் ஊர்மொழி போக வேண்டும் என்று விதியில்லை. தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் மலாய் பேசவில்லையா? கேட்க உதவும் காக்ளியர் கருவி வந்தபின் சைகை எதற்கு என்ற கேள்விக்கும் இடமில்லை. அந்தக் கருவி பல குழந்தைகளுக்குப் பேச்சைத் தந்திருக்கிறது. ஆனால் இரவில் அதன் வெளிப்பகுதியைக் கழற்றி வைத்ததும் குழந்தைக்கு மறுபடி நிசப்தம்தான். அந்த நேரத்தில் தாயோடு பேசக் கைகள் வேண்டும்.

1954இல் ஏழு வயதில் அந்த விடுதிக்கு வந்தவர் இப்போது எண்பதை நெருங்கியிருப்பார். பினாங்கு சைகை மொழி இன்று பெரும்பாலும் அந்தத் தலைமுறையின் கைகளில்தான் இருக்கிறது. எழுத்தில்லாத மொழி அது. அதைப் பேசும் கைகளும் முகமும் ஒருசேரத் தெரியும்படி ஒளிப்பதிவு செய்வதற்குப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை.