மிஸ்டு கால் பிறந்த கதை

போனில் மணி அடிக்கிற வரை காசு இல்லை; எதிர்முனையில் எடுத்தால்தான் காசு. கம்பி போன் காலத்திலிருந்தே இதுதான் கணக்கு. கூப்பிடப்பட்டவர் ரிசீவரைத் தூக்கியதும் மின்சுற்று முழுமையாகும், எக்ஸ்சேஞ்சில் மீட்டர் ஓடத் தொடங்கும். செல்போனுக்கும் அதே முறையைத்தான் வைத்தார்கள். பச்சை பட்டனை அழுத்திய பிறகுதான் 'எடுத்தாயிற்று' என்ற தகவல் நெட்வொர்க்குக்குப் போகும், பில் அங்கிருந்து ஆரம்பம். அதற்கு முன்னால் அடித்த மணிக்கு விலை கிடையாது.

ஆனால் அந்த மணியே ஒரு சேதிதான். யார் கூப்பிடுகிறார், எத்தனை மணிக்குக் கூப்பிடுகிறார் என்பதை அது சொல்லிவிடும். விலையில்லாத இந்தச் சேதியைக் கண்டுபிடித்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பேசக் காசு இல்லாத மனிதர்கள். இதற்குக் காப்புரிமை வாங்கியவர் யாருமில்லை, இன்ன ஊரில் பிறந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. என்றாலும், இந்தியாவில் மிஸ்டு கால் மிக நீண்ட காலம், மிகுந்த தேவையோடு வாழ்ந்த இடங்களில் சேலம், நாமக்கல் பக்கத்து லாரிக் குடும்பங்களும் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது.

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரி என்பது பாதி வீட்டுப் பிழைப்பு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தான், பீகார் வரை போய் போர் போடுகின்றன. 'லைனுக்குப் போயிருக்காரு' என்று சொன்னால் ஆள் வீட்டில் இல்லை, எப்போது வருவார் என்பது ரிட்டர்ன் லோடு கிடைப்பதைப் பொறுத்தது என்று அர்த்தம். டெல்லியில் இறக்கிவிட்டுக் கல்கத்தாவுக்கு லோடு கிடைத்தால் அப்படியே போக வேண்டியதுதான். வீட்டில் போன் இல்லாத காலத்தில், போனவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டுக்குத் தெரிய ஒரே வழி, அவர் லாரி ஆபீசுக்குப் போன் போட்டு, லாரி ஆபீஸ் பையன் வந்து சொல்வதுதான்.

ட்ரங்க் கால் காலத்திலேயே காசில்லாமல் சேதி சொல்லும் தந்திரம் பல நாடுகளில் இருந்தது. குறிப்பிட்ட ஆளைக் கேட்டுப் பதிவுசெய்யும் அழைப்பில், அந்த ஆள் இல்லையென்றால் முழுக் கட்டணம் கிடையாது. இல்லாத ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும், 'ஊர் போய்ச் சேர்ந்துவிட்டேன்' என்பது எதிர்முனைக்குப் புரிந்துவிடும்.

பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. 1984-ல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனம், ஏ.சி. இல்லாமலே ஓடக்கூடிய சிறிய எக்ஸ்சேஞ்சை உருவாக்கி, 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவியது. அதன் பின்னால்தான் நம் ஊர்களுக்கு டயல் டோன் ஒழுங்காக வந்தது. நெடுஞ்சாலைத் தாபாக்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் பலகையோடு பூத்துகள் முளைத்தன. இரவு நேரத்தில் கால்வாசிக் கட்டணம் என்பதால் டிரைவர்கள் அப்போதுதான் வரிசையில் நிற்பார்கள். கண்ணெதிரே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். அதைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர் பேச வந்ததில் பாதியை விட்டுவிடுவார்.

செல்போன் வந்தபோது இந்த மக்களை மனத்தில் வைத்து வரவில்லை. 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்று மார்ட்டின் கூப்பர் பேசிய மோட்டோரோலா கருவி ஒரு கிலோவுக்கு மேல் கனம். பத்து வருடம் கழித்து அது கடைக்கு வந்தபோது விலை 3,995 டாலர். இந்தியாவில் முதல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அந்தக் காலத்தில் அழைத்தாலும் காசு, எடுத்தாலும் காசு. நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது. சென்னை தனி வட்டம், மீதித் தமிழ்நாடு வேறு வட்டம். நம் பக்கத்தில் பி.பி.எல்., 1999 முதல் ஏர்செல் என்று சிம் கார்டுகள் வந்தன. அவற்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்கள் லாரி முதலாளிகளும் கோழிப்பண்ணைக்காரர்களும்தான். முட்டை விலை பைசாக் கணக்கில் ஏறி இறங்குகிற ஊரில் அவர்களுக்கு அது தேவையும்கூட.

2003 மே 1 அன்று எல்லாம் மாறியது. அழைக்கிறவர் மட்டும் காசு கொடுத்தால் போதும், இன்கமிங் இலவசம் என்ற முறை நடப்புக்கு வந்தது. அதே வருடம் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் போன் கொடுத்தது. நோக்கியா 1100-ம் அதே வருடம்தான். தூசி புகாத கீபேட், தலையில் ஒரு டார்ச். ராத்திரியில் டயர் பஞ்சரானால் கிளீனருக்கு அந்த டார்ச் போதும். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற மாடல் அது. 2005 கடைசியில் 999 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' திட்டம் வந்தது. ஒருமுறை கட்டிவிட்டால் இன்கமிங்குக்கு மறுபடி காசு கட்ட வேண்டியதில்லை. போன் உயிரோடு இருக்கும், பேலன்ஸ் இருக்காது. மிஸ்டு காலுக்கு வேண்டிய மண் இப்படித்தான் பதப்பட்டது. முழுக்க ஜீரோ ஆகிவிட்டால் மட்டும் அவுட்கோயிங் போகாது. மிஸ்டு கால் கொடுக்கவாவது ஒரு ரூபாயை விட்டுவைக்க வேண்டும்.

ஊரில் இருப்பவருக்கு இன்கமிங் இலவசம். ஓசூரைத் தாண்டிய டிரைவருக்கு அப்படியில்லை. அத்திப்பள்ளியில் கர்நாடக டவர் பிடித்தவுடன் ரோமிங். எடுத்தால் காசு. 2006 மார்ச்சில் தயாநிதி மாறன் அமைச்சராக இருந்தபோது பி.எஸ்.என்.எல். 'ஒரே இந்தியா' திட்டத்தில் நாடு முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று கொண்டுவந்தது. வீட்டிலிருந்து நாக்பூருக்குப் பேச ஒரு ரூபாய்தான். ஆனால் நாக்பூரில் எடுக்கிறவருக்கு ரோமிங் இன்கமிங் தனி. 2007-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கு உச்சவரம்பாக வைத்தது நிமிடத்துக்கு 1.75 ரூபாய். 2013-ல் 75 பைசா, 2015-ல் 45 பைசா. முழு இலவசம் ஆக 2017 வரை ஆனது, பி.எஸ்.என்.எல். மட்டும் 2015 ஜூனிலேயே கொடுத்துவிட்டது. மற்றவர்கள் 2003-ல் கடந்த வேலியை லாரி டிரைவர் கடக்கப் பன்னிரண்டு, பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. வேலை நிமித்தம் தினமும் மாநில எல்லை தாண்டுகிற மனிதனிடம்தான் அதிகக் காசு வாங்கினார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த வருடங்களில்தான் மிஸ்டு கால் ஒரு முழு மொழியானது. ரிங்கை எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. அடிக்கிறவர் காதில் கேட்கும் மணியை உண்டாக்குவது நெட்வொர்க். எதிர்முனையில் அடிக்கும் மணி வேறு. இங்கே மூன்று கேட்டால் அங்கே இரண்டாக இருக்கலாம். ஆகவே எத்தனை ரிங் என்பதை விட்டுவிட்டு, எத்தனை தடவை அடித்துக் கட் ஆனது என்பதைக் கணக்கில் எடுத்தார்கள்.

"எத்தன தடவ அடிச்சுது கண்ணு?"

"ரெண்டும்மா."

"செரி, உங்கப்பா லோடு எறக்கியாச்சு."

ஒன்று என்றால் சாப்பிட்டாயிற்று, கவலை வேண்டாம். இரண்டு என்றால் லோடு இறக்கியாயிற்று. விடாமல் அடித்தால் அவசரம், எடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு இந்தக் கணக்கு வேறுபட்டது, ஒவ்வொருவரும் வண்டி கிளம்பும்போது பேசிவைத்துக்கொண்டதுதான்.

இதே காலத்தில் ஆப்பிரிக்காவிலும் இப்படியே நடந்தது. ஜொனாதன் டோனர் என்ற ஆய்வாளர் ருவாண்டாவில் இதைக் கவனித்து, பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்தபோது 2007-ல் கட்டுரையாக வெளியிட்டார். திரும்பக் கூப்பிடச் சொல்வது, முன்பே பேசிவைத்த சேதி, சும்மா நினைத்தேன் என்று சொல்வது என மூன்று வகை பிரித்தார். வசதி உள்ளவர்தான் திரும்ப அழைத்துக் காசு கொடுக்க வேண்டும் என்ற மரியாதை விதியையும் குறித்தார். நம் ஊரிலும் அப்படித்தான். டிரைவர் முதலாளிக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம். முதலாளி டிரைவருக்குக் கொடுத்தால் அது கேவலம். மாப்பிள்ளை மாமனாருக்குக் கொடுக்கவே கூடாது.

வியாபாரிகள் இதைப் பிறகுதான் கண்டுகொண்டார்கள். 2010-ல் பெங்களூருவில் ஸிப்டயல் என்ற கம்பெனி மிஸ்டு காலையே தொழிலாக்கியது. 2015-ல் ட்விட்டர் அதை வாங்கியது. வங்கி இருப்பு, கேஸ் சிலிண்டர், கட்சி உறுப்பினர் சேர்க்கை எல்லாம் மிஸ்டு காலில் நடந்தன.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது கிணற்று மோட்டார். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும். வீட்டிலிருந்து கிணறு தூரம், வரப்பில் பாம்பு. மொபைல் ஸ்டார்ட்டர் என்ற பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு போட்டிருப்பார்கள். பதிந்துவைத்த நம்பரிலிருந்து மணி அடித்ததும் பெட்டி போனை எடுக்காமலே ஆளை அடையாளம் கண்டு ரிலேயைத் தட்டிவிடும்; மோட்டார் ஓடும். அந்த மணிக்குத் துளியும் காசு செலவில்லை. கரண்ட் போய் வந்தாலோ தண்ணீர் இல்லாமல் மோட்டார் நின்றாலோ பெட்டியே விவசாயிக்குத் திருப்பி அடிக்கும். படுத்த இடத்திலிருந்தே தண்ணீர் பாய்ச்சலாம் என்பது அறுபது வயது மனிதருக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வரப்பில் நடந்தவர்கள் அறிவார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சை இலவசமாக்கியது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் டவர்கள் அணைந்து, நம் பக்கத்து ஜனங்கள் நம்பரைக் காப்பாற்ற வேறு கம்பெனிக்கு அலைந்தார்கள். அதற்கப்புறமும் மிஸ்டு கால் சாகவில்லை. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அழைப்புக்கு, போகும் பக்கம் வரும் பக்கத்துக்கு நிமிடத்துக்கு 6 பைசா கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. 2019-ல் ஜியோ மணி அடிக்கும் நேரத்தைக் குறைத்தது. மணி சீக்கிரம் நின்றால் மிஸ்டு கால் ஆகும், எதிர்க் கம்பெனிக்காரர் திரும்ப அழைப்பார், 6 பைசா இந்தப் பக்கம் வரும் என்பதுதான் கணக்கு என்று போட்டியாளர்கள் புகார் சொன்னார்கள். தன் நெட்வொர்க்குக்குத் தினமும் 25 முதல் 30 கோடி மிஸ்டு கால் வருவதாக ஜியோ பதில் சொன்னது. 2019 நவம்பர் 1 அன்று டிராய், செல்போனில் 30 வினாடி, தரைவழிப் போனில் 60 வினாடி மணி அடிக்க வேண்டும் என்று விதி போட்டது. ஏழைகளின் தந்திரம் கோடீஸ்வரக் கம்பெனிகளின் வழக்காகிவிட்டது. அந்த 6 பைசா 2021 ஜனவரி 1 முதல் இல்லை.

இன்று பேச்சுக்கு விலை இல்லை, போனை உயிரோடு வைத்திருக்கத்தான் விலை. லைஃப்டைம் இன்கமிங் 2018 கடைசியில் முடிந்துபோனது. 28 நாளுக்கு 35 ரூபாய் என்று தொடங்கிய கட்டாய ரீசார்ஜ் அதன் பிறகு பல மடங்கு ஏறிவிட்டது. மகன் கூப்பிட்டால் எடுக்க மட்டும் பட்டன் போன் வைத்திருக்கும் ராசிபுரத்துக் கிழவியும் அதைக் கட்டியாக வேண்டும். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சு, எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள திட்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. திட்டங்கள் வந்தன, ஆனாலும் மணியை மட்டும் கேட்க விரும்புகிறவருக்கு இன்னும் அது கைக்கெட்டும் விலையில் இல்லை. கிணற்றோர ஸ்டார்ட்டரில் இருக்கும் சிம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, அதற்கும் காலம் தவறாமல் ரீசார்ஜ் செய்தாக வேண்டியிருக்கிறது.